தலைகுனியா உடன்பாடு

அரியலூர்ப் பகுதியில் நிலத்தை அகழ்ந்தால் சுண்ணாம்புக்கல் கிடைக்கும். பண்டு கடல் கிடந்த இடமாதலின், அக்கல்லிடையே சிப்பிகள் கல்லாய்ச் சமைந்திருத்தலையும் காணலாம். அதனை அரைத்துச் சுட்டுச் சிமெண்டு ஆக்கும் ஆலைகள் அங்கே பல உள. அயலதாகிய பெரம்பலூரிலோ கரிசல் நிலமும் பருத்தியும் மிகுதி. கல் எடுப்பார், சூளை காப்பார், மூட்டை ஏற்றுவார் எனப் பலர் கூடி உழைக்குமிடத்தில் கூலி பற்றியும் வேலைநேரம் பற்றியும் கருத்து வேறுபடுதல் இயல்பே. வேறுபடுதல் குற்றமன்று, அது பகையாய் முதிர்தலே தீது.

பருத்தி நூற்று நெய்யும் ஆலைகளில் இத்தகைய பூசல் ஒன்று எழுந்து தீர்ந்த வரலாறு அறியத்தக்கது. அது 1918ஆம் ஆண்டில் குசராத்தைச் சேர்ந்த அகமதாபாத்தில் நிகழ்ந்தது.

முந்திய ஆண்டு அந்நகரில் கொள்ளைநோய் பரவிற்று. தொழிலாளர் ஊரைவிட்டு நீங்காதிருக்கும்பொருட்டு ஆலை முதலாளிகள் கூலிக்குமேல் ஊக்கப்படி அளித்தனர். நோய் தணிந்ததும் அதனை நிறுத்தக் கருதினர். விலைவாசியோ தணியவில்லை. நெசவாளர் நூற்றுக்கு 50 கூலி உயர்வு வேண்டினர். முதலாளிகள் 20க்கு மேல் தர இசையவில்லை. முதலாளிகளின் தலைவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர்க்குத் துணைநின்றவரோ அவர்தம் தமக்கையார் அனசூயா! கொள்கை பிரித்தும் உறவு முறியவில்லை.

காந்தியடிகள் இருசாரார்க்கும் நண்பர். அவர் முதற்கண் கணக்குப் பார்த்தார். பம்பாய் ஆலைகளின் கூலியோடு ஒப்புநோக்கி, 35 உயர்வே நேர்மையானது எனத் துணிந்தார். 50 கேட்டோர் 35க்கு இசைந்தனர். கேட்டதைத் தாமே குறைத்துக்கொள்ளுதற்கு உள்ளத்தில் வலிமை வேண்டும்.

பிப்ரவரி 22இல் நெசவாளர்க்கு ஆலைக்கதவு அடைக்கப்பட்டது. சாபர்மதி ஆற்றங்கரை மரத்தடியில் நாள்தோறும் கூட்டம் நடந்தது. வன்முறை கூடாது, வேலைக்குச் செல்வாரைத் துன்புறுத்தலாகாது என்பது அவர்கள் மேற்கொண்ட உறுதி. பசியால் அவ்வுறுதி தளரவே, மார்ச் 15இல் காந்தியடிகள் உண்ணாநோன்பு பூண்டார். அந்நோன்பு நண்பராகிய முதலாளிகளை நெருக்கிற்று என்னும் குறையை அவரே மறையாது கூறினார்.

18ஆம் நாள் உடன்பாடு பிறந்தது. முதல் நாள் 35 உயர்வு; தொழிலாளர் சூள் காக்கப்பட்டது. இரண்டாம் நாள் 20. முதலாளிகள் சொல் காக்கப்பட்டது. மூன்றாம் நாள்முதல் நடுவர் தீர்ப்பு வரும்வரை இரண்டிற்கும் நடுவாகிய இருபத்தேழரை. இக்கணக்கைக் கேட்டு நகைப்பாரும் உளர். ஆயினும் பூசல்கள் பல, காசினும் மானத்தின்பொருட்டே நீளுகின்றன அல்லவா? அம்மானத்திற்கு இருபுறமும் இடம் வைத்தமையே இதன் நுட்பம். பின்னர், நடுவராகிய ஆனந்தசங்கர் துருவர் 35 எனவே தீர்ப்பளித்தார்.

1947ஆம் ஆண்டின் தொழிற்பூசல் சட்டம் சமரச அலுவலர்க்கு இடமளித்தது. 2020இல் இயற்றப்பெற்ற தொழிலுறவுச் சட்டத்தொகுப்பிலும் அவருக்கு இடமுண்டு. சிமெண்டு ஆலையாயினும் நூலாலையாயினும் பூசல் எழுந்துழி இருசாராரையும் அவர் அழைப்பார். தீர்ப்புக் கூறுதல் அவர் பணியன்று. இருவர் கூற்றையும் கேட்டு இசைவுக்கு வழிகாட்டுவார். இசைவு எய்தின், அதனை எழுத்தில் வரைந்து இருவரும் கைச்சாத்திடுவர்.