கண்மாய்க் கணக்கை எழுதப்போவது யார்?

வைகை அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில் நாளிதழ்களில் ஒரு செய்தி வெளியாகும். பெரியாறு பிரதானக் கால்வாயின் ஒருபோகப் பாசனப் பகுதியில் 85,563 ஏக்கர், திருமங்கலம் பிரதானக் கால்வாய்ப் பகுதியில் 19,439 ஏக்கர், ஆக 1,05,002 ஏக்கர் நிலம் பயன்பெறும் வகையில் தண்ணீர் திறந்துவிடப்பட்டது என்பதே அச்செய்தி. ஆண்டு மாறினாலும் இந்த எண்கள் மாறுவதில்லை. அவை அரசு ஏட்டில் பதிவான ஆயக்கட்டின் பரப்பளவு.

அந்த 19,439 ஏக்கரில் உண்மையில் எத்தனை ஏக்கருக்குக் கடைமடை வரை நீர் சேர்ந்தது? சேராத இடத்தில் விவசாயி கிணற்று நீரை விலைக்கு வாங்கினாரா, நிலத்தைத் தரிசாக விட்டாரா, வீட்டுமனைக்கு விற்றாரா? கண்மாய் நிறைந்ததால் அருகிலுள்ள கிணறுகளில் ஊறிய நீரின் மதிப்பு என்ன? இந்தக் கேள்விகளுக்கு வருவாய்த் துறையின் ஏடுகளிலோ, நீர்வளத் துறையின் ஏடுகளிலோ முழுமையான விடை இல்லை. இவற்றைக் கேட்பதும், களத்தில் இறங்கி விடை தேடுவதும், அதை மாணவர்களுக்குக் கற்றுத் தருவதும் வேளாண்மை, சுற்றுச்சூழல் பொருளாதார ஆசிரியரின் வேலை. அந்த வேலையைச் செய்ய அவருக்கு நம் கல்வி அமைப்பு எத்தகைய பணிவாழ்வைத் தந்திருக்கிறது என்பது பாசன விவசாயியையும் பாதிக்கும் கேள்வி.

இரண்டு கணக்குகள்

வேளாண் பொருளாதாரம் என்பது அடிப்படையில் விவசாயியின் வரவு-செலவுக் கணக்கு. விதை, உரம், கூலி, உழவு, வாடகை, வட்டி ஆகியவற்றைக் கூட்டி, விளைச்சலின் விலையோடு ஒப்பிடுவது. 1970-71 முதல் நாடு முழுவதும் நடைபெற்றுவரும் சாகுபடிச் செலவு ஆய்வுத் திட்டம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தமிழகத்தில் அதைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்துகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட கிராமங்களில் களப் பணியாளர்கள் தங்கி, விவசாயக் குடும்பங்களின் அன்றாடச் செலவைக் குறித்துக்கொள்கின்றனர். நெல்லுக்கும் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் மத்திய அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு இந்தப் பதிவேடுகளே முதன்மையான ஆதாரம்.

சுற்றுச்சூழல் பொருளாதாரம் இன்னொரு கணக்கைக் கேட்கிறது. விவசாயியின் ஏட்டில் வராத செலவு எங்கே போகிறது என்பது அதன் கேள்வி. சாகுபடிச் செலவில் கிணற்றுக்கும் மோட்டாருக்கும் தேய்மானம் சேரும். நிலத்தடியில் குறைந்துபோன நீருக்கு விலை சேராது. தமிழகத்தில் விவசாயத்துக்கான மின்சாரம் 1990-ஐ ஒட்டிய காலம் முதல் இலவசம் என்பதால், நீரை இறைக்கும் செலவும் பெருமளவில் கணக்குக்கு வெளியே நின்றுவிடுகிறது. கிணறு ஆழமாக்கப்படும்போதும், பக்கத்து விவசாயியின் கிணறு வற்றும்போதும்தான் அந்த விலை தெரியவரும். அப்போது அதைச் செலுத்துபவர் பெரும்பாலும் வேறொருவராக இருப்பார்.

திருமங்கலம், கள்ளிக்குடி, தே.கல்லுப்பட்டி, பேரையூர் வட்டாரங்களில் இந்த இரண்டு கணக்குகளையும் பிரித்துப் பார்க்கவே முடியாது. ஒரு பக்கம் கால்வாயையும் கண்மாயையும் நம்பிய நெல். மறுபக்கம் வானம் பார்த்த கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் சிறுதானியமும். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேல மரங்களை அகற்ற உத்தரவிட்டபோது எழுந்த விவாதத்தை நினைவுகூரலாம். அம்மரம் நீரை உறிஞ்சுகிறது என்று ஒரு தரப்பும், கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அதுவே வருமானம் என்று மறுதரப்பும் வாதிட்டன. இரு தரப்புக்கும் நியாயம் இருந்தது. இந்தக் கண்மாயில், இத்தனை ஏக்கரில், இவ்வளவு இழப்பு, இவ்வளவு வருமானம் என்று ஊர்வாரியாகச் சொல்லும் நெடுங்காலப் பதிவுகள்தான் போதுமான அளவில் இல்லை.

ஒரு பேராசிரியரின் விடுமுறைப் பாடம்

இத்தகைய பதிவுகளைத் தமிழகத்தில் தொடங்கிவைத்தவர் ஒரு கல்லூரி ஆசிரியரே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக 1915-ல் வந்து சேர்ந்த கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறைக்குச் செல்லும் மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்து, கிராமங்களின் பொருளாதாரத்தை எழுதிவரச் சொன்னார். அவ்வாறு உருவான தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய நூல் 1918-ல் வெளியானது. அதில் இடம்பெற்ற ஊர்களுள் ஒன்று, அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த வடமலைபுரம். இன்று விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசி வட்டாரத்தில் இருக்கும் அவ்வூர் திருமங்கலத்துக்கு வெகுதொலைவில் இல்லை.

ஸ்லேட்டர் 1921-ல் விடைபெற்றார். ஆயினும் அவர் தொடங்கிய வேலை தொடர்ந்தது. 1936-37-ல் பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மீண்டும் சென்றனர். 1960-களில் மார்கரெட் ஹாஸ்வெல் சென்றார். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தினர் சென்றனர். இவற்றுள் ஒன்றான இருவேல்பட்டில் 2008-லும் மறு ஆய்வு நடந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் ஒரே ஊரின் நிலவுடைமையும் கூலியும் கடனும் எப்படி மாறின என்று சொல்லும் இத்தகைய தொடர்ச்சி உலகிலேயே அரிதானது. நிலம் யாரிடமிருந்து யாரிடம் போனது, கூலித் தொழிலாளர் எப்போது பேரம் பேசும் வலிமை பெற்றனர் என்பனவற்றை ஒரே ஒரு முறை எடுக்கும் கணக்கெடுப்பால் அறிய முடியாது.

கண்மாயும் கிணறும்

ஸ்லேட்டரின் மரபு நிலத்தையும் கூலியையும் பார்த்தது. நீரை மையமாக வைத்து அதே பொறுமையுடன் பார்த்தவர்களில் குறிப்பிடத்தக்கவர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கே.பழனிசாமி. 1980-களின் தொடக்கத்தில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஈஸ்டருடன் சேர்ந்து அன்றைய ராமநாதபுரம் மாவட்டக் கண்மாய்களை ஆராய்ந்தார். பின்னர் பல்கலைக்கழகத்தின் நீர் நுட்ப மையத்துக்கு இயக்குநரானார். அதன் பிறகு பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனத்தில் பணியாற்றினார். ஓர் ஆய்வுப் பொருளைப் பல பத்தாண்டுகள் கைவிடாத பணிவாழ்வு அது.

அவரும் அவர் வழி வந்தவர்களும் காட்டிய உண்மை எளிமையானது, ஆனால் கண்மாயை வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புலப்படாதது. கண்மாய் நிறைந்தால் ஆயக்கட்டில் உள்ள கிணறுகள் ஊறும்; ஆகவே கிணறும் கண்மாயும் ஒன்றுக்கொன்று துணை. ஆனால், கிணறு வைத்திருப்போர் பெருகப் பெருக, மடையைச் சரிசெய்வதிலும் வரத்துக்காலைத் தூர்வாருவதிலும் அவர்களுடைய அக்கறை குறைகிறது. நீர்பாய்ச்சிக்கு நெல் அளக்கும் வழக்கம் நலிகிறது. கிணறு இல்லாத சிறு விவசாயி, கண்மாய் நீரும் முறையாகக் கிடைக்காமல், கிணற்றுக்காரரிடம் நீரை விலைக்கு வாங்கும் நிலைக்கு வருகிறார். கண்மாய் அழிவதற்கு மழைக்குறைவும் ஆக்கிரமிப்பும் மட்டுமே காரணம் என்று நினைத்தால் தூர்வாரும் ஒப்பந்தமே தீர்வாகத் தெரியும். உறவுமுறை குலைந்ததும் காரணம் என்று தெரிந்தால் தீர்வின் வடிவமே மாறும்.

தமிழகத்தில் சுமார் 40 ஆயிரம் ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. 1960-களின் தொடக்கத்தில் ஒன்பது லட்சம் ஹெக்டேருக்கு மேல் அவற்றால் பாசனம் பெற்றது. இன்று அதில் பாதிகூட இல்லை. கிணறுகளே பெரும் பாசன ஆதாரம். பொதுவில் இருக்கும் வளத்தை ஊரார் கூடி எப்படிக் காக்கின்றனர் என்று ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அவர் கேட்ட கேள்விகளுக்கான களம் நம் கண்மாய்க் கரைகளில் விரிந்து கிடக்கிறது.

நீதிமன்றம் கேட்ட கணக்கு

சுற்றுச்சூழல் பொருளாதாரம் இந்தியப் பல்கலைக்கழகங்களில் தனிப் பாடமாக வேரூன்றியது 1990-களில்தான். உலக வங்கியின் உதவியுடன் மத்திய அரசு நடத்திய பயிற்சித் திட்டத்தின் வழியே கல்லூரி ஆசிரியர்கள் பலர் இத்துறைக்கு வந்தனர். 1993-ல் தொடங்கப்பட்ட சென்னைப் பொருளியல் பள்ளி அதில் முக்கியப் பங்காற்றியது.

அதே காலத்தில் இத்துறையின் தேவையை உணர்த்தியது வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் தொடர்பான வழக்கு. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996-ல் அத்தீர்ப்பில் உறுதிசெய்தது. பாதிக்கப்பட்ட விவசாயிகளை அடையாளம் கண்டு, இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. கெட்டுப்போன கிணற்றுக்கும் மண்ணுக்கும் எவ்வளவு இழப்பீடு என்று சொல்ல வேண்டுமானால், கெடுவதற்கு முன் அந்நிலம் என்ன விளைந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த ‘முன்’ என்பதை யாராவது முன்கூட்டியே எழுதிவைத்திருந்தால்தான் உண்டு. திருமங்கலத்தைச் சுற்றி நான்குவழிச் சாலைகளும் வீட்டுமனைகளும் பரவிவரும் இக்காலத்தில், இன்றைய நிலையை எழுதிவைப்பது நாளைய நீதிக்கான சான்று.

மதிப்பெண் ஏணி

‘விரிவுரையாளர்’ என்ற பதவிப் பெயர் ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் ‘உதவிப் பேராசிரியர்’ என்றானது. முனைவர் பட்டமோ, நெட் அல்லது செட் தேர்ச்சியோ பெற்று உள்ளே வரும் ஒருவர் மேலே செல்வதற்கான ஏணியைப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்திருக்கிறது. 2018-ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி, பல்கலைக்கழகத்தில் நேரடித் தேர்வின் வழியே இணைப் பேராசிரியராக ஏழு ஆய்வுக் கட்டுரைகளும் 75 ஆய்வு மதிப்பெண்களும் தேவை. பேராசிரியராகப் பத்துக் கட்டுரைகளும் 120 மதிப்பெண்களும் தேவை.

அம்மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் இத்துறைக்கு நேரும் சங்கடம் புரியும். சமூக அறிவியலில் அங்கீகரிக்கப்பட்ட இதழில் வரும் ஒரு கட்டுரைக்கு 10 மதிப்பெண். மாநில அரசுக்கு அளிக்கும் கொள்கை ஆவணத்துக்கு 4. ஒரு கண்மாயின் நீர்மட்டத்தையும் ஆயக்கட்டின் பயிரையும் இருபது ஆண்டுகள் தொடர்ந்து குறித்துவந்தால் அதற்கென மதிப்பெண் இல்லை. அப்பதிவுகளைத் தமிழில் எளிமையாக எழுதிப் பாசன சங்கத்திடம் கொடுத்தாலும் இல்லை.

ஆகவே, பதவி உயர்வை நாடும் இளம் ஆசிரியர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று ஊகிக்கலாம். அரசு வெளியிட்ட தரவுகளைக் கணினியில் இட்டு, சில மாதங்களில் ஒரு கட்டுரை எழுதுவது எளிது. பேரையூர்க் கரிசலில் மூன்று பருவங்கள் அலைந்து ஒரு கட்டுரை எழுதுவது கடினம். முதல் வகை ஆய்வும் தேவைதான். ஆனால், அடிப்படைத் தரவைச் சேகரிப்பவர் இல்லாமல் போனால், அதை வைத்துச் செய்யும் ஆய்வும் ஒருநாள் வறண்டுபோகும்.

ஏணியின் முதல் படியிலேயே கால் வைக்க முடியாதவர்களின் நிலை இன்னும் கடினம். தமிழக அரசுக் கலைக் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் பணியாற்றிவந்துள்ளனர். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய் வீதம் மாதம் 50,000 ரூபாய் வரை வழங்கலாம் என 2019-ல் பல்கலைக்கழக மானியக் குழு வழிகாட்டிய பின்னரும், அண்மை ஆண்டுகளில் அவர்கள் பெற்றுவந்த தொகுப்பூதியம் 25,000 ரூபாய். அதுவும் ஆண்டில் 11 மாதங்களுக்கே. அடுத்த கல்வியாண்டில் எந்தக் கல்லூரியில் இருப்போம் என்று தெரியாத ஒருவரிடம், இந்த ஊரின் கிணறுகளை இருபது ஆண்டுகள் கவனியுங்கள் என்று எப்படிச் சொல்வது?

செய்யக்கூடியவை

இதற்குப் பெருந்தொகை தேவையில்லை. மதுரையில் 1965 முதல் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. 1966 முதல் பல்கலைக்கழகம் இருக்கிறது. சுற்றிலும் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. கண்மாய்ச் சீரமைப்பில் நீண்டகாலம் ஈடுபட்டுள்ள தன்னார்வ அமைப்புகளும் இருக்கின்றன. ஒவ்வொரு கல்லூரியின் பொருளாதாரத் துறையும் அருகிலுள்ள ஒரு கண்மாயையும் அதன் ஆயக்கட்டையும் தத்தெடுத்து, ஆண்டுதோறும் ஒரே படிவத்தில் பதிவுசெய்யலாம். முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் எழுத வேண்டிய ஆய்வேட்டை அதற்குப் பயன்படுத்தலாம். ஸ்லேட்டர் செய்தது இதைத்தான்.

அப்பதிவேடுகள் மாவட்ட நிர்வாகத்துக்கும் பாசன சங்கங்களுக்கும் தமிழில் கிடைக்க வேண்டும். கால்வாயில் நீர் திறக்கும் அறிவிப்புடன், சென்ற முறை எந்த மடை வரை நீர் சென்றது என்ற தகவலும் சேர வேண்டும். நெடுங்காலக் களப்பதிவை ஆய்வுப் பங்களிப்பாக ஏற்று மதிப்பெண் வழங்க வேண்டும். 2025-ல் மானியக் குழு வெளியிட்ட வரைவு விதிமுறைகள், எண்ணிக்கை சார்ந்த மதிப்பீட்டுக்கு மாற்றாகச் சமூகப் பணி, இந்திய மொழிகளில் கற்பித்தல் உள்ளிட்ட பங்களிப்புகளைக் கருத முன்மொழிந்தன. துணைவேந்தர் நியமனம் குறித்த அதன் பிரிவுகளுக்குத் தமிழகம் எதிர்ப்புத் தெரிவித்தது. அந்த எதிர்ப்பில் உறுதியாக நின்றபடியே, களப்பணியை மதிக்கும் கூற்றை மாநில அரசு தன் கல்லூரிகளில் தானே நடைமுறைப்படுத்தலாம். எல்லாவற்றுக்கும் முன்பாக, காலிப் பணியிடங்களை நிரந்தர நியமனத்தால் நிரப்ப வேண்டும்.

கண்மாயில் நீர் வரும் ஆண்டும் உண்டு, வராத ஆண்டும் உண்டு. இரண்டையும் ஒரே கரையில் நின்று பார்த்து எழுதிவைக்கும் ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு வட்டத்துக்கும் தேவை. அவருடைய பணிவாழ்வைப் பாதுகாப்பது, பாசனத்தைப் பாதுகாக்கும் பணியின் ஒரு பகுதியே.