இளநீரும் சிறுநீரகமும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளில் உலை முன் நின்று உழைப்பவர், பணி முடிந்ததும் சாலையோரக் கடையில் இளநீர் அருந்துவதை நாம் தடுப்பதில்லை. வீட்டில் டயாலிசிஸ் சிகிச்சையில் இருக்கும் தந்தைக்கும் ஒன்று வாங்கிச் செல்லும்போதுதான் கவலைகொள்கிறோம். "குளிர்ச்சிதானே, டாக்டர்?" என்பர். ஒரு காயில் அரை கிராம் அளவுக்குப் பொட்டாசியம் இருக்கக்கூடும்.

உடலின் பொட்டாசியத்தில் ஏறத்தாழ 98 விழுக்காடு உயிரணுக்களுக்குள் இருக்கிறது. இரத்தத்தில் இருப்பது லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் மட்டுமே. இதயம் சீராகத் துடிக்க இக்குறுகிய எல்லை காக்கப்பட வேண்டும். உண்டவுடன் இன்சுலின் பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் செலுத்துகிறது. பின்னர் ஆல்டோஸ்டீரோன் என்னும் ஹார்மோனின் தூண்டுதலால் சிறுநீரகங்கள் மிகுதியை வெளியேற்றுகின்றன. உட்கொள்வதில் சுமார் 90 விழுக்காடு சிறுநீர் வழியே செல்வதால், சிறுநீரகம் பழுதுற்றால் அது இரத்தத்தில் தேங்குகிறது.

பலருக்கு அறிகுறியே தோன்றாது. சிலருக்குக் கை கால் தளரும். சிலருக்கு இதயத்துடிப்பின் தடுமாற்றமே முதல் அறிகுறி. ஈ.சி.ஜி.யில் மாற்றம் தெரிந்தால் முதலில் கால்சியம் குளுக்கோனேட் ஊசி செலுத்துகிறோம். அது பொட்டாசியத்தைக் குறைப்பதில்லை. சிறிது நேரம் இதயத்தைக் காக்கிறது. அடுத்து குளுக்கோஸுடன் இன்சுலின். சர்க்கரை நோய் இல்லாதவருக்கு இன்சுலினா என்று உறவினர் பதறுவதுண்டு. பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் அனுப்பவே அது தரப்படுகிறது. உடலைவிட்டு அகற்றுவதற்குப் பெரும்பாலும் டயாலிசிஸே வழி.

வாந்தி, வயிற்றுப்போக்கு, நீர் பிரியச் செய்யும் சில மாத்திரைகள் ஆகியவற்றால் அளவு குறையவும் கூடும். அப்போது சொட்டு மருந்தாக மிக மெதுவாக ஏற்றுகிறோம். தாமதமாகிறதே என்று உடனிருப்போர் குழாயின் திருகைத் தளர்த்திவிடுவதைக் கண்டிருக்கிறோம். தயவுசெய்து அதனைத் தொடாதீர்கள். வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடக்கூடும்.

உலைத் தொழிலாளிக்கு ஒரு சொல்: வியர்வையில் மிகுதியாக இழக்கப்படுவது சோடியமே. ஆகவே இளநீர் மட்டும் போதாது. உப்பிட்ட மோரும் கஞ்சியும் தேவை. உடல்வலிக்கு மருந்துக்கடையில் தாமாக வாங்கி உண்ணும் வலி மாத்திரைகள், நீரிழந்த உடலில் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பொட்டாசியம் கூடியிருப்பவரின் வீட்டில், காய்களையும் கீரையையும் நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை ரசத்தில் சேர்க்காமல் கொட்டிவிட வேண்டும். 'சோடியம் குறைந்த உப்பு' என விற்கப்படுவதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். அதனை வாங்க வேண்டாம். டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் அளவை உயர்த்தக்கூடும். எனினும் தாமாக நிறுத்தாமல், அடுத்த வருகையின்போது மாத்திரை அட்டைகள் அனைத்தையும் எடுத்து வாருங்கள்.