"எனக்கு வரும்!" என்று சொல்பவள்

"எவ்வளவு திமிர் பாருங்களேன் இவளுக்கு!"

ஒருத்தியைப் பற்றி என் கணவரிடம் ஒரு மாதம் இப்படித்தான் புலம்பிக் கொண்டிருந்தேன். இன்று அவளைப் பற்றியே உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பள்ளி இறுதி வகுப்புவரை படித்தவள். பிள்ளைகள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்ததும் வீட்டில் பகல் பொழுது நீண்டு போயிற்று. எங்கள் தெருக்கோடியில் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு தையல் கூடம் நடத்துகிறார்கள். அங்கே போய்வரத் தொடங்கினேன். மூன்று வருஷமாக எல்லாம் அமைதியாகவே நடந்தது. பிறகுதான் அவள் வந்து சேர்ந்தாள். வயது முப்பதுகூட இருக்காது. முதல் நாளே கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு, "நான் வெட்டித் தர்றேன்க்கா, எனக்கு வரும்" என்றாள்.

எங்களுக்கெல்லாம் சுருக்கென்றது. பெரியவர்கள் இத்தனை பேர் இருக்கிறோம், ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? நான் காஜா எடுப்பதைப் பார்த்துவிட்டு, "இப்படிப் பிடிச்சா சீக்கிரம் ஆகும்க்கா" என்று சொல்லிக் கொடுக்க வேறு வந்துவிட்டாள். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை, போங்கள்!

என் கணவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவ சொன்னது தப்பா, இல்லை சொன்னதுதான் தப்பா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அறுபது கவுன்கள்

அந்தச் சமயத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அறுபது பருத்திக் கவுன்கள் தைக்கும் வேலை வந்தது. பத்தே நாள் கெடு. கூடத்தை நடத்தும் அம்மா, "உடனே வெட்ட ஆரம்பியுங்க" என்றார். எல்லோரும் எழுந்தோம். அவள் மட்டும் எழவில்லை.

"அம்மா, இந்தத் துணியை நனைக்காம வெட்டக்கூடாது. சுருங்கிடும்."

"அதுக்கெல்லாம் நேரமில்லை."

"ஒரே ஒரு துண்டை நனைச்சுப் பார்ப்போம்மா. நான் சொன்னது தப்புன்னா இன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து நானே வெட்டித் தர்றேன்."

ஒரு மீட்டர் துண்டை நனைத்து, வெயிலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு அளந்தார்கள். 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தது! 70 சென்டிமீட்டர் கவுன் என்றால் முதல் சலவையிலேயே கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் ஏறிப்போகும். அறுபது பெற்றோர்களும் துணியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்திருப்பார்கள்.

மொத்தத் துணியையும் நனைத்து மாடியில் உலர்த்தினோம். ஒரு நாள் தாமதம்தான். மானம் பிழைத்தது.

சகோதரிகளே, இப்போது உங்களிடம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். துணி சுருங்கும் என்பது எனக்கும் தெரியும். என் மகளுக்குப் பாவாடை தைத்த காலத்திலிருந்தே தெரியும். அன்றைக்கு அது என் தொண்டைவரை வந்தது. 'நமக்கேன் வம்பு' என்று விழுங்கிவிட்டேன். ஒரு மாதமாக நான் 'திமிர்' என்று சொன்னது எதை என்று அப்போதுதான் புரிந்தது. என்னிடம் இல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கர்வம் வேறு, நம்பிக்கை வேறு

அவளும் தவறு செய்யாமல் இல்லை. ஒரு தடவை அளவை மாற்றி எடுத்துப் பன்னிரண்டு காலர்களை வெட்டிவிட்டாள். யாரும் கண்டுபிடிக்குமுன் அவளே எழுந்து, "என் தப்புதாம்மா. மிச்சத் துணியில சரிபண்ணிடறேன்" என்றாள். ஸ்வெட்டர் பின்னும் வேலை வந்தபோது, "எனக்கு ஊசி பிடிக்கவே தெரியாது. அக்காதான் கத்துக் கொடுக்கணும்" என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கர்வக்காரி இதைச் சொல்ல மாட்டாள். 'வரும்' என்பதையும் 'வராது' என்பதையும் ஒரே குரலில் சொல்ல முடிகிறதா? அதுதான் தன்னம்பிக்கை.

அவளுக்கு இது எங்கிருந்து வந்தது? பதினாலு வயதில் தகப்பனாரை இழந்தவள். அம்மாவோடு உட்கார்ந்து பட்டன் கட்டிக் குடும்பத்தைத் தாங்கியிருக்கிறாள். ஆயிரம் ஆயிரமாகப் பட்டன் கட்டிய கை, 'எனக்கு வரும்' என்று சொல்வதில் என்ன ஆச்சரியம்?

மனநூல் படிக்கும் என் மகள் இதற்கு ஒரு விளக்கம் சொன்னாள். ஆல்பர்ட் பண்டூரா என்ற அறிஞர் 1977-ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறாராம். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை நாலு வழியாக வருகிறது. தானே செய்து ஜெயிப்பது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, மற்றவர் சொல்லும் ஊக்க வார்த்தை, அந்த வேளையில் நம் உடம்பும் மனசும் இருக்கும் நிலை. இவற்றில் முதலாவதற்குத்தான் வலு அதிகம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நினைத்துப் பாருங்கள். பெண்கள் டாக்டருக்குப் படிப்பதே அதிசயமாக இருந்த 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறியவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த நோய் வந்தால் பிழைப்பதில்லை என்று ஊரே நம்பிய நாளில், அதற்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று விடாமல் நின்றார். 1954-ல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு அது தொடங்கியது. 'இந்த அம்மாவுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்' என்று அன்றும் சிலர் நினைத்திருப்பார்கள். அந்தப் பிடிவாதத்தால் பிழைத்தவர்கள் எத்தனை பேர்!

நாம் என்ன செய்யலாம்?

உங்கள் ஆபீசிலோ பள்ளியிலோ இப்படி ஒருத்தி இருந்தால், நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அவள் குரலை விட்டுவிட்டுச் சொல்லும் விஷயத்தை எடைபோடுங்கள். சந்தேகம் இருந்தால் முகம் சுளிக்காமல், "எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். விஷயம் தெரிந்தவள் சந்தோஷமாகச் சொல்வாள், தெரியாதவள் மழுப்புவாள். அவள் பேச்சு மனதைப் புண்படுத்தினால் நாலு பேரிடம் சொல்லாமல் அவளிடமே தனியாகச் சொல்லுங்கள். நான் சொன்னேன். "ஐயோ, எனக்குத் தோணவே இல்லைக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போதெல்லாம், "இப்படிச் செய்யலாமாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறாள். நல்லது செய்தால் வாய்விட்டுப் பாராட்டுங்கள். தைரியமாக இருப்பவளுக்கும் ஒரு நல்ல வார்த்தை வேண்டித்தான் இருக்கிறது.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தை, "நானே பட்டன் போட்டுக்கறேன்" என்றால், ஸ்கூல் வேன் வரும் அவசரத்தில் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். ஐந்து நிமிஷம் முன்னதாக எழுப்பிவிட்டு, அதுவே போட்டுக்கொள்ளட்டும் என்று விடுங்கள். நம்பிக்கை அந்தப் பட்டனில்தான் தொடங்குகிறது.

போன வாரம் கூடத்தில், "பட்டு ரவிக்கைக்கு லைனிங் வைத்துத் தைக்க யாருக்கு வரும்?" என்று அம்மா கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு வரும்" என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. ஆனால் ரவிக்கை நன்றாகவே அமைந்தது!