பந்தயப் பணம்

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று காலைத் திருப்பலி முடிந்து பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். நம் பல்லாவரம் பங்கைச் சேர்ந்த தாயார் ஒருவர் முகவாட்டத்தோடு வந்து நின்றார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் நான்கை எடுத்து நம் முன் நீட்டி, "சாமி, இது நல்ல பணமா, கெட்ட பணமா, நீங்களே சொல்லுங்க" என்றார்.

அவருடைய மூத்த மகன் குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் பணியாற்றுகிறவன். ஓராண்டாக மெல்லிய சக்கரங்கள் கொண்ட மிதிவண்டியொன்றில் விடியுமுன்னரே வீட்டை விட்டுப் புறப்பட்டுவிடுவது அவன் வழக்கம். அண்மையில் மூன்று நாள் விடுப்பெடுத்து வெளிமாநிலம் சென்று திரும்பியவன், தங்கையின் பள்ளிக் கட்டணத்துக்கென்று இத்தொகையைக் கொடுத்து, "பந்தயத்தில் கிடைத்தது" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். ஆனால் அவன் தோழர்கள் காட்டிய முடிவுப் பட்டியலில் முதல் மூவரில் மட்டுமன்று, முதல் முப்பது பேரிலும் அவன் பெயர் இல்லை. அப்படியானால் இது எந்தப் பந்தயம்? நம் தமிழிலோ ஓட்டத்துக்கும் பந்தயம் என்றுதான் பெயர். பணம் வைத்து ஆடுவதற்கும் அதே பெயர்தான். கிண்டிக் குதிரைப் பந்தயத்தில் குலைந்த குடும்பங்களைக் கண்டு வளர்ந்த தலைமுறை அந்தத் தாயார். இன்று கைப்பேசியே சூதாட்டக் கொட்டகையாகிவிட்டதையும் அவர் அறிவார்.

உண்மையை மறைப்பானேன்? நமக்கும் அதே ஐயந்தான் எழுந்தது. மாலையில் பையனை வரவழைத்து, சற்றுக் கடுமையாகவே விசாரித்தோம்.

"எங்க டீம்ல ஒருத்தர் ஜெயிச்சார், ஃபாதர். பரிசை எல்லாரும் பங்கு போட்டுக்கிட்டோம்."

"அவர் வென்றதற்கு உனக்கு ஏன் பங்கு? நீ என்ன செய்தாய்?"

"காத்து வாங்கினேன், ஃபாதர்."

கடற்கரையில் காற்று வாங்குவோரை நாம் அறிவோம். அதற்குப் பணம் கொடுப்பாரும் உண்டோ? நாம் விழிப்பதைக் கண்டு, பையன் சினங்கொள்ளாமல் பொறுமையாக விளக்கினான். அன்று அவன் ஆசிரியன், நாம் மாணவர்.

சமதரையில் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மிதிவண்டி வீரன் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி காற்றை விலக்குவதற்கே போய்விடுகிறது. முன்னே செல்பவனை ஒட்டிப் பின்னே செல்பவனுக்கோ நாலில் ஒரு பங்குக்கும் மேல் ஆற்றல் மிச்சம். வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில், மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கித் திரும்பிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஆதலால் ஒரு குழுவில் ஒருவனைத் தலைவனாக வைத்து, மற்றவர்கள் முறை வைத்து முன்னே சென்று அவனுக்காகக் காற்றைத் தாங்குகிறார்கள். குழுவின் வண்டியிலிருந்து தண்ணீர்க் குப்பிகளைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்து கொடுப்பதும் அவர்களே. பல நாள் நடக்கும் பந்தயத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம். எல்லாக் கட்டங்களுக்கும் சேர்த்துக் குறைந்த நேரம் எடுத்தவனே வாகை சூடுகிறான். ஒரே நாளில் ஆற்றலையெல்லாம் கொட்டிவிடுகிறவனுக்கு அங்கே இடமில்லை.

இவ்வகைப் பந்தயங்களுக்கெல்லாம் தாயான பிரான்சு நாட்டுப் பந்தயம் 1903-ஆம் ஆண்டு ஆறு கட்டங்களாக, 2,428 கிலோமீட்டர் தொலைவுக்கு நடந்தது. புறப்பட்டவர் அறுபதின்மர், முடித்தவர் இருபத்தொருவர். அதை நடத்திய ஆன்றி தெகிராஞ்சு என்னும் பத்திரிகையாசிரியர், வீரன் தனியொருவனாகவே வெல்ல வேண்டும் என்னும் பிடிவாதக்காரர். 1911-இல் ஒருவர் மற்றொரு வீரருக்கு உதவியபோது, அவரை 'வீட்டு வேலைக்காரன்' என்று ஏளனம் செய்தார். 1913-இல் பிரெனே மலையில் வண்டியின் முன்கவை முறிந்த ஆய்சேன் கிறிஸ்தோப், வண்டியைத் தோளில் சுமந்து இறங்கி, கொல்லன் உலைக்களத்தில் தம் கையாலேயே அதைச் செப்பனிட்டார். அப்போது துருத்தியை ஊதியவன் ஒரு சிறுவன் என்பதற்காக, பிறர் உதவி பெற்ற குற்றம் என்று அவருக்குத் தண்டனை நேரம் விதித்தார்கள்! சட்டம் எத்துணைக் கூர்மையாகிவிட்டால் அறிவை இழக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. பிற்காலத்தில் உதவுவதே இப்பந்தயத்தின் உயிராயிற்று. அன்று ஏளனமாய்ப் பிறந்த அந்த 'வேலைக்காரன்' என்னும் சொல்லையே உலகெங்கும் அவ்வீரர்கள் இன்று தம் தொழிற்பெயராகச் சுமக்கிறார்கள்.

1934-இல் நடந்தது இது. ரெனே வியத்தோ என்பவருக்கு அப்போது வயது இருபது. விடுதியொன்றில் மின்தூக்கி இயக்கும் சிறுவனாக இருந்து மிதிவண்டிக்கு வந்தவர். மலையேற்றத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. பிரெனே மலை இறக்கத்தில் அவருடைய குழுத் தலைவர் அந்தோனின் மாஞ்ஞின் முன்சக்கரம் நொறுங்கியது. வியத்தோ தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மாற்றுச் சக்கரம் வரும்வரை சாலையோரக் கற்சுவரில் அமர்ந்து அழுதார். அந்த நிழற்படம் பிரான்சு நாட்டவர் நெஞ்சில் இன்றும் நிலைத்திருக்கிறது. மறுநாளும் மாஞ்ஞின் வண்டி பழுதாயிற்று. முன்னே சென்றுகொண்டிருந்த வியத்தோ, வந்த வழியே திரும்பி மலையேறித் தம் வண்டியையே கொடுத்தார். பாரிசில் வாகை சூடியவர் மாஞ்ஞு. வியத்தோவுக்கு ஐந்தாம் இடம். பின்னர் பல ஆண்டுகள் முயன்றும் அப்பந்தயத்தை அவர் ஒருமுறையும் வெல்லவில்லை. அவர் முழுமனத்தோடுதான் கொடுத்தாரா என்று நம்மைக் கேட்டால், அந்தக் கண்ணீரே விடை என்போம். வலிக்காமல் கொடுத்தார் என்று நாம் எழுதமாட்டோம்.

இதற்கு நேர்மாறான கண்ணீரும் உண்டு. இத்தாலியரான அந்திரேயா கரேயா, புகழ்பெற்ற ஃபாஸ்தோ கொப்பியின் உதவி வீரர். 1952-இல் ஒரு கட்டத்தின் முடிவில், தாம் சற்றும் எதிர்பாராமல், முன்னிலை வீரருக்குரிய மஞ்சட் சட்டை தமக்கே கிடைத்ததை அறிந்து அழுதுவிட்டார். தலைவருக்குரியதைத் தாம் எடுத்துக்கொண்டோமே என்ற அச்சம்! கொப்பி அவரைப் பாராட்டியதோடு, மறுநாளே சட்டையைத் தமதாக்கிக்கொண்டார். அந்தக் கொப்பியின் மிதிவண்டி இன்று இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலுள்ள கிசால்லோ மாதா சிற்றாலயத்தின் சுவரில் தொங்குகிறது. 1949-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அந்த அன்னையை மிதிவண்டி வீரர்களின் பாதுகாவலியாக அறிவித்தார்.

நம் நாட்டிலும் இவ்விளையாட்டுப் புதிதன்று. 1948-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கிலேயே இந்திய மிதிவண்டி வீரர்கள் பங்கேற்றார்கள். மும்பையிலிருந்து மலைத்தொடரைக் கடந்து புனே செல்லும் பந்தயம் நெடுநாள் மரபுடையது. 2026 சனவரியில் அதே புனே நகரைச் சுற்றி ஐந்து நாள், 437 கிலோமீட்டர் தொலைவுக்குப் பன்னாட்டுப் பந்தயம் நடைபெற்றது. அயல்நாட்டு வீரர்களோடு நம்மவரும் ஓட்டினார்கள். நம் மாநிலத்திலோ 2008-இல் தொடங்கிய நீலகிரி மிதிவண்டிப் பயணம் உண்டு. பந்தயம் என்பதைவிடப் பயணம் என்பதே அதற்குப் பொருந்தும். ஆயினும் மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிச் சாலையின் முப்பத்தாறு கொண்டையூசி வளைவுகளில், மிதிக்கிறவனுக்குப் பெயர்களின் வேறுபாடு விளங்காது என்று நம் பையன் கூறினான். அவன் அங்கே பாதியில் இறங்கித் தள்ளியவனாம்.

கடைசியில் வருபவனுக்குப் பிரான்சில் 'சிவப்பு விளக்கு' என்று பெயர். தாம்பரம் மின்தொடரின் கடைசிப் பெட்டியில் எரிகிறதே, அது போன்றது. ஒவ்வொரு கட்டத்துக்கும் காலவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே மலைநாட்களில் பின்தங்கியவர்கள் குழு வேற்றுமை பாராமல் ஒன்றுசேர்ந்து, ஒருவர்க்கொருவர் காற்றைத் தாங்கி, வரம்புக்குள் வந்து சேர்கிறார்கள். நம் பையனும் மூன்றாம் நாள் அப்படித்தான் வந்து சேர்ந்தானாம்.

"இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே, தம்பி?" என்று கேட்டோம்.

"ஐம்பத்தெட்டாவது வந்தேன்னு எப்படிச் சொல்றது, ஃபாதர்?"

மறுநாள் அந்தத் தாயாரிடம் நமக்குத் தெரிந்த மட்டில் விளக்கினோம். வியத்தோவின் கதையைக் கேட்டபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் முழுதும் ஒப்பவில்லை. "முன்னாலே போறவன் காத்தை வாங்குறான், பின்னாலே வர்றவன் பேரை வாங்குறான். நல்லா இருக்கு சாமி உங்க பந்தயம்!" என்றார். நம்முடைய பந்தயமாக அது எப்போது ஆயிற்று என்பது நமக்கு விளங்கவில்லை.

நான்கு தாள்களையும் மீண்டும் முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தார். பள்ளியில் பத்து மணிக்குள் கட்டணம் கட்ட வேண்டுமாம்.