கோடைக் கனிகளைச் சாடிக்குள் காப்போம்

கோடை பிறந்தவுடன் நாட்டின் கனிச் சந்தைகள் களைகட்டுகின்றன. ரத்னகிரியின் அல்போன்சா, கிர் பகுதியின் கேசர், ஆந்திரத்தின் பங்கனப்பள்ளி, மலிஹாபாத்தின் தசேரி, முசாபர்பூரின் லிச்சி என ஒன்றன்பின் ஒன்றாக வரும் கனிகள் சில வாரங்களே சந்தையில் நிற்கின்றன. வரத்து மிகும்போது விலை இறங்குகிறது; நாமும் கூடை கூடையாக வாங்குகிறோம். வாங்கியதில் ஒரு பகுதி உண்பதற்குள் அழுகிவிடுகிறது. இந்த இழப்பைத் தவிர்க்க நம் முன்னோர் கண்ட வழிகளுள் ஒன்று, கனியைப் பதப்படுத்திச் சாடியில் அடைத்து வைத்தல்.

இன்று பல இல்லங்களில் உடல்நலம் கருதிச் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து ஜாம் காய்ச்சுகிறோம். நோக்கம் நல்லதே. ஆயினும் சாடிக்குள் சர்க்கரைக்குச் சுவையூட்டுவதோடு கனியைக் காக்கும் பொறுப்பும் உண்டு. அதை உணராமல் அளவைக் குறைத்து, பழைய வழக்கப்படி மாதக்கணக்கில் அலமாரியில் வைத்தால், பணமும் உழைப்பும் வீணாவதோடு குடும்பத்தினரின் உடல்நலத்துக்கும் கேடு நேரலாம்.

கனி கெடுவது எதனால்?

பழுத்த மாங்கனியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நீரே உள்ளது. அந்த நீரையும் இனிப்பையும் நாடிப் பூஞ்சை, ஈஸ்ட், பாக்டீரியா ஆகிய நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றைத் தடுக்க நம்மிடம் நான்கு காவல்கள் உள்ளன: வெப்பம், சர்க்கரை, புளிப்பு, காற்றுப் புகாத மூடி.

வெப்பமும் மூடியும் இணைந்து பணிபுரிவதை உலகுக்குக் காட்டியவர் பிரான்சு நாட்டின் நிக்கோலா அப்பேர். உணவைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, தக்கையால் இறுக அடைத்து, கொதிநீரில் வைத்தெடுத்தால் அது நெடுநாள் கெடுவதில்லை என்று கண்ட அவர், 1810ஆம் ஆண்டில் தம் முறையை நூலாக வெளியிட்டார். அதற்காகப் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்கு வழங்கியது. உணவு கெடுவதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்பதை லூயி பாஸ்டர் நிறுவியது அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின்னரே.

சர்க்கரையின் பணி

சர்க்கரை நீரைத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. நீர் இருந்தும் நுண்ணுயிர்களால் அதைப் பயன்படுத்த இயலாத நிலை உண்டாகிறது. இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள், விற்பனைக்கு வரும் ஜாமில் கரைந்த திடப்பொருள் 65 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்கின்றன. கனியின் இயற்கை இனிப்பும் நாம் சேர்க்கும் சர்க்கரையுமே அதில் பெரும்பகுதி. செயற்கை இனிப்பூட்டிகள் நாவுக்கு இனிப்பைத் தந்தாலும், சமையலில் இடும் சிறு அளவில் அவற்றால் நீரைப் பிணைக்க இயலாது. எனவே சர்க்கரை குறைந்த ஜாமைச் சிறிதளவே செய்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று வாரங்களுக்குள் உண்டு முடிப்பதே முறை.

புளிப்பின் பணி

காற்றில்லாத இடத்திலும் வளரக்கூடிய குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் பாக்டீரியா கொடிய நஞ்சை உண்டாக்கவல்லது. அதன் வித்துகள் கொதிநீரிலும் அழிவதில்லை. எனினும் அமில காரக் குறியீடான பிஎச் 4.6க்குக் கீழே இருந்தால் அது வளராது. குறியீடு குறையக் குறையப் புளிப்பு மிகும் என்பதை நினைவில் கொள்வோம். மாங்காய், எலுமிச்சை, அன்னாசி முதலியவை இயல்பாகவே போதிய புளிப்புடையவை. பப்பாளி, வாழை, சப்போட்டா, முலாம்பழம் ஆகியவற்றில் புளிப்பு குறைவு. வெறும் கூழாக அவற்றைச் சாடியில் அடைத்து வெளியில் வைத்தலாகாது. மாம்பழத்திலும் நன்கு கனிந்தவற்றில் புளிப்பு தணிந்துவிடுவதால் சிட்ரிக் அமிலம் சேர்க்கிறோம்.

மாம்பழ ஜாம் செய்முறை

முக்கால் பங்கு பழுத்த கனியும் கால் பங்கு செங்காயும் எடுத்துக்கொள்வோம். கூழை இறுகச் செய்யும் பெக்டின் செங்காயில் மிகுதி. நார் நீக்கிய கூழ் 1 கிலோ, சர்க்கரை 750 கிராம், சிட்ரிக் அமிலம் 5 கிராம். கூழையும் சர்க்கரையையும் அடிகனமான பாத்திரத்தில் இட்டு, அடிப்பிடிக்காமல் கிளறிக் காய்ச்ச வேண்டும். இறுகத் தொடங்கும்போது அமிலத்தைச் சிறிது நீரில் கரைத்துச் சேர்க்கலாம்.

பதம் அறிய எடைபார்ப்பதே நம்பகமான வழி. 1 கிலோ கூழில் இயற்கையாகவே ஏறத்தாழ 150 கிராம் இனிப்பு உண்டு. நாம் இட்டதையும் கூட்டினால் 900 கிராம். மொத்தக் கலவை 1,350 கிராமாக வற்றும்போது அதில் மூன்றில் இரண்டு பங்கு இனிப்பாகிவிடுகிறது. தேவையான 65 விழுக்காட்டை அது கடந்துவிடும். வெறும் பாத்திரத்தின் எடையை முன்னரே குறித்து வைத்துக்கொண்டால் கணக்கு எளிது.

சாடிகளையும் மூடிகளையும் கழுவி, சாடிகளை 10 நிமிடம் கொதிநீரில் இட்டு எடுத்து, ஈரம் வடிந்ததும் சூடு ஆறுவதற்குள் கொதிக்கும் ஜாமை ஊற்ற வேண்டும். குளிர்ந்த சாடியில் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும். விளிம்பில் அரை சென்டிமீட்டர் இடம் விட்டு, விளிம்பைத் துடைத்து மூட வேண்டும். பின்னர், அடியில் துணி விரித்த பெரிய பாத்திரத்தில் சாடிகளை நிறுத்தி, அவை மூழ்குமளவு சுடுநீர் ஊற்றி, கொதி வந்தபின் 10 நிமிடம் வைத்தெடுக்கலாம். உதகை, ஷிம்லா போன்ற மலையூர்களில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிப்பதால் மேலும் 10 நிமிடம் தேவை. ஆறும்போது உள்ளிருக்கும் ஆவி சுருங்கி மூடியை உள்நோக்கி இழுக்கும். ஆறிய பின்னும் மூடியின் நடுப்பகுதி அழுத்தினால் மேலெழுந்து கீழிறங்குமாயின், அச்சாடி சரியாக அடைபடவில்லை. அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து முதலில் உண்போம்.

வெயிலே அடுப்பாக

குஜராத்தில் அடுப்பே இன்றிச் செய்யும் மாங்காய்ச் ‘சுந்தோ’வும் இதே நெறியில் அமைந்தது. துருவிய மாங்காயோடு உப்பும் மஞ்சளும் சர்க்கரையும் கலந்து, பாத்திரத்தின் வாயை மெல்லிய துணியால் கட்டி, நாள்தோறும் வெயிலில் வைத்துக் கிளறுவர். சர்க்கரை மாங்காயின் நீரை வெளியே இழுக்க, வெயில் அந்நீரை வற்றச் செய்கிறது. ஒரு வாரம், பத்து நாளில் பாகு கம்பிப் பதம் அடையும். பின்னர் மிளகாய்த்தூளும் சீரகமும் கலந்து சாடியில் அடைப்பர். மாங்காயின் புளிப்பும் இங்கே காவலாக நிற்கிறது.

கவனிக்க வேண்டியவை

ஒவ்வொரு சாடியிலும் செய்த நாளை எழுதி ஒட்டி, வெளிச்சம் படாத, வெப்பம் குறைந்த இடத்தில் வைத்து, ஓராண்டுக்குள் பயன்படுத்துவோம். திறந்தபின் குளிர்பதனப் பெட்டியே அதன் இடம். ஈரக் கரண்டி ஆகாது. மூடி உப்பியிருந்தாலோ, நுரைத்தாலோ, புளித்த கள்ளின் வாடை வந்தாலோ சுவைத்துப் பார்க்காமல் முழுவதையும் அப்புறப்படுத்த வேண்டும். மேலே படர்ந்த பூஞ்சையை வழித்தெறிந்துவிட்டு மிச்சத்தை உண்ணும் வழக்கம் தவறானது. அதன் இழைகளும் நச்சும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கக்கூடும்.

கைப்பழக்கம் வந்தபின் அக்கம்பக்கத்தாருக்கு விற்க எண்ணுவோர், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்படி முதலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டிலிருந்தே செய்யும் சிறு தொழிலுக்கும் அது பொருந்தும். கனி, சர்க்கரை, எரிவாயு, சாடி ஆகியவற்றின் செலவைத் தொடக்கத்திலிருந்தே தனியே குறித்து வந்தால், ஒரு சாடிக்கு என்ன விலை கட்டுபடியாகும் என்பது இரண்டாம் கோடைக்குள் தெளிவாகிவிடும்.