நன்றி விழாவில் விதை தந்தவர்கள் எங்கே?

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் 4-வது வியாழக்கிழமை தேசிய விடுமுறை. 'தேங்ஸ்கிவிங்' எனப்படும் நன்றி தெரிவிக்கும் நாள் அது. வான்கோழிக் கறி, பரங்கிக்காய் இனிப்பு என்று குடும்பம் குடும்பமாக விருந்து உண்பார்கள். அறுவடைக்கு நன்றி சொல்லும் இந்த விழா எங்கே தொடங்கியது என்பதில் மட்டும் இன்றுவரை கருத்து ஒற்றுமை இல்லை.

பரவலாகச் சொல்லப்படும் கதை இது. 1620 இறுதியில் 'மேஃபிளவர்' கப்பலில் இங்கிலாந்திலிருந்து வந்த சுமார் 100 பேர், இன்றைய மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிளிமத்தில் குடியேறினர். முதல் குளிர்காலத்திலேயே ஏறத்தாழ பாதிப் பேர் இறந்தனர். 1621-ல் நல்ல விளைச்சல் கிடைக்கவே, வாம்பனோக் பழங்குடித் தலைவர் மசசாய்ட்டும் அவருடைய ஆட்கள் சுமார் 90 பேரும் சேர்ந்துகொள்ள, 3 நாள் விருந்து நடந்தது.

கைகொடுத்தது மக்காச்சோளம்

குடியேறியவர்களில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ அந்த ஆண்டு டிசம்பரில் எழுதிய கடிதத்தில் இந்த விருந்து பற்றிய செய்தி உள்ளது. 'நன்றி விழா' என்ற சொல் அதில் இல்லை. ஆனால், சாகுபடிக் கணக்கு இருக்கிறது. 20 ஏக்கரில் மக்காச்சோளமும், சுமார் 6 ஏக்கரில் பார்லி, பட்டாணியும் விதைத்தனர். மக்காச்சோளம் நன்றாக விளைந்தது. பார்லி சுமார். பட்டாணியோ பூக்கும் பருவத்தில் வெயிலில் கருகியதால், பறிக்கும் அளவுக்குக்கூடத் தேறவில்லை.

அந்த மக்காச்சோளம் பழங்குடியினரின் பயிர். குளிர்காலத்துக்காக அவர்கள் மண்ணில் புதைத்துவைத்திருந்த தானியத்தைக் குடியேறியவர்கள் கேட்காமலே தோண்டி எடுத்து விதைக்கு வைத்துக்கொண்டனர். அதற்கான ஈட்டைப் பின்னர்தான் கொடுத்தனர். பிளிமத் நிலமும் தரிசு அல்ல. பட்டக்செட் என்ற ஊரின் மக்கள் திருத்திப் பயிர் செய்த வயல் அது. 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோயில் அந்த ஊரே அழிந்துபோனது.

அந்த ஊரைச் சேர்ந்த டிஸ்குவாண்டம், 1614-ல் ஆங்கிலக் கப்பல்காரர் ஒருவரால் பிடிக்கப்பட்டு ஸ்பெயினுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். அங்கிருந்து இங்கிலாந்து போய், 1619-ல் ஊர் திரும்பினார். மண்ணைக் குவித்து விதை ஊன்றுவதையும், மத்தி மீனுக்கு உறவான ஹெர்ரிங் மீனைப் புதைத்து உரமிடுவதையும் குடியேறியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

மீன் உரத்திலும் சர்ச்சை உண்டு. டிஸ்குவாண்டம் அதை ஐரோப்பாவில் கற்றிருக்கலாம் என்று மானிடவியலாளர் லின் செசி 1975-ல் எழுதினார். அது பழங்குடியினரின் முறைதான் என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் ஊன்றும் கலப்புப் பயிர் முறை அவர்களுடையது என்பதில் சர்ச்சை இல்லை. பீன்ஸ் கொடி சோளத்தட்டையில் ஏறும். பூசணி இலை நிலத்தை மூடிக் களையை அடக்கி ஈரம் காக்கும்.

முதல் விழா எங்கே?

வர்ஜீனியா மாநிலத்தின் பெர்க்லியில் 1619 டிசம்பர் 4-ல் கரை சேர்ந்தவர்களுக்கு, அந்த நாளை ஆண்டுதோறும் நன்றி நாளாகக் கொண்டாட வேண்டும் என்ற கட்டளையே இருந்தது. புளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் 1565-லேயே ஸ்பானியர்கள் நன்றி வழிபாடு நடத்தி விருந்து உண்டனர். டெக்சாஸ்காரர்கள் 1598-ல் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் நடந்த விழாவைக் காட்டுகிறார்கள்.

பிளிமத் விருந்துக்கு 'முதல் நன்றி விழா' என்ற பெயர் 1841-ல்தான் வந்தது. வின்ஸ்லோ கடிதத்தை நூலில் வெளியிட்ட அலெக்சாண்டர் யங் அடிக்குறிப்பில் அப்படி எழுதினார். பத்திரிகை ஆசிரியர் சாரா ஜோசபா ஹேல் பல ஆண்டுகள் வலியுறுத்திய பிறகு, உள்நாட்டுப் போரின் நடுவே 1863-ல் அதிபர் லிங்கன் நாடு முழுவதும் நன்றி நாள் கொண்டாட அழைப்பு விடுத்தார். அந்த அறிவிப்பில் பிளிமத் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இன்றைய தேதி 1941-ல் சட்டமானது.

துக்க நாள்

விருந்துக்குப் பின் நடந்ததுதான் பழங்குடியினரின் கேள்வி. 1675-ல் மூண்ட போரில் மசசாய்ட்டின் மகன் மெட்டகோமெட் கொல்லப்பட்டார்; பழங்குடியினர் பலர் அடிமைகளாக விற்கப்பட்டனர். 1970-ல், குடியேற்றத்தின் 350-வது ஆண்டு விழாவில் பேச வாம்பனோக் இனத்தைச் சேர்ந்த வாம்சுட்டா பிராங்க் ஜேம்ஸ் அழைக்கப்பட்டார். இந்த வரலாற்றை அவர் எழுதிக் காட்டியதும், அந்த உரைக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அந்த ஆண்டு முதல், நன்றி நாளன்று பிளிமத்தில் பழங்குடியினர் கூடித் துக்க நாள் கடைப்பிடிக்கிறார்கள்.

எந்த ஊர் முதல் என்ற போட்டி மாநிலங்களுக்குள் நடக்கிறது. பிளிமத்தில் கூடுபவர்கள் கேட்பது அதுவல்ல. நிலமும் விதையும் சாகுபடி முறையும் யாரிடமிருந்து வந்தன, கொடுத்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறார்கள்.