காட்டுப் பாதையும் தார்ச் சாலையும்: நம் வண்டிக்கு எதை முதலில் செய்வது?

நம் சங்க உறுப்பினர்களில் வயது முதிர்ந்தோர் கட்டை வண்டியை மறந்திருக்கமாட்டார்கள். மரச் சக்கரமும் அதன்மேல் இறுக்கிய இரும்புப் பட்டையுமாக அது மழைக்குப் பின் மண் பாதையில் இறங்கினால், இரு காளைகளும் நுரை தள்ள நேரும். பட்டையின் குறுகிய அகலத்தில் பாரம் முழுவதும் இறங்கி மண்ணை உழுதுவிடும். பின்னர் டயர் வண்டி வந்தது. அதே காளைகள் அதைவிடக் கூடுதலான பாரத்தை எளிதில் இழுத்தன. காளைக்கு வலிமை கூடிவிடவில்லை; சக்கரம் மண்ணைத் தொடும் இடந்தான் மாறிற்று. 1888-இல் டன்லப் என்பார் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகச் செய்த காற்றுச் சக்கரம், நம் ஊர்க் காளைகளின் கழுத்துக்கும் இளைப்பாறுதல் தந்தது என்றால் மிகையாகாது.

இதை இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. சென்ற பொதுக்குழுவில், சங்கத்து ஜீப்பை உயர்த்திக் கட்டிப் பெரிய டயர் பூட்டினால் என்ன என்று இளைஞர் சிலர் கேட்டனர். தம் சொந்த உபயோகத்துக்குப் பொலீரோ போன்ற வண்டியை வாங்கியுள்ள விவசாய அன்பர்களும் இதையே கேட்கின்றனர். காட்டுப் பாதைக்கென்றே தனி வண்டி வைத்திருப்பவர் எதையும் செய்துகொள்ளலாம். நம் நிலை அதுவன்று. பொழுது விடியுமுன் உசிலம்பட்டிப் பக்கத்து மல்லிகையை ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வரும் வண்டியே, பிறகு செல்லூர்த் தெருக்களில் நூல் சிப்பம் இறக்க வேண்டும். பிற்பகலில் நாற்கரச் சாலை வழியே திருமங்கலம் தாண்டி, டி. கல்லுப்பட்டிக் கரிசலுக்குள்ளும் இறங்க வேண்டும். செலவழிப்பதோ உறுப்பினர்களின் பணம். ஆதலின் எதை முதலில் செய்வது, எதை விட்டுவிடுவது என்று வரிசைப்படுத்தி ஆராய்வது நம் கடமையாகும்.

முதலில் செய்யவேண்டியது எந்தப் பொருளையும் வாங்குவதன்று. ஒரு குறிப்பேட்டைத் திறப்பதேயாகும். ஒரு மாதம் வண்டி எங்கெங்கே சென்றது, எத்தனை கிலோமீட்டர் தார்ச் சாலை, எத்தனை மண் பாதை, எங்கே சிக்கிற்று, எங்கே அடி தட்டிற்று என்று ஓட்டுநர் எழுதி வரட்டும். நாம் அவ்வாறு எழுதிப் பார்த்ததில், பத்துக் கிலோமீட்டரில் எட்டுக்குக் குறையாமல் தார்ச் சாலையாகவே இருந்தது. எஞ்சிய இரண்டும் பெரும்பாலும் கண்மாய்க் கரை, வாய்க்கால் ஓரம், மேலூர்ப் பக்கத்துச் செம்மண் பாதை, கரிசல் காடு ஆகியவையே. பாறை ஏறும் வேலை ஒரு நாளும் வரவில்லை. எட்டுப் பங்கு ஓடும் சாலையைக் கெடுத்துக்கொண்டு இரண்டு பங்குக்காகச் செலவழிப்பது சிக்கனமாகாது.

இனி, உயர்த்திக் கட்டுவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். நம் கையைச் சுட்டுக்கொண்ட விஷயம் இதுவே. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையாரின் யோசனைப்படி, பின் அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் இடையே இரும்புக் கட்டை வைத்து வண்டியை உயர்த்தினோம். கூடவே ஒரு பட்டையும் அதிகமாகச் சேர்த்தோம். பார்வைக்குக் கம்பீரமாக இருந்தது. ஆனால் முன்பு அடி தட்டிய அதே வண்டித் தடத்தில், அதே நடுமேட்டில் மீண்டும் தட்டிற்று. காரணம் யாதெனின், ஜீப்பில் தரைக்கு மிக அருகில் தொங்குவது பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் உருண்டை. அது சக்கரங்களோடு சேர்ந்தது. ஸ்பிரிங்குக்கு மேலுள்ள உடலை எவ்வளவு உயர்த்தினாலும் அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சை உயர்த்தவல்லது டயரின் விட்டம் ஒன்றே. இச்சிறு உண்மையைப் பணம் கொடுத்த பின்னரே நாம் அறிந்தோம்.

சேர்த்த பட்டையோ வேறு விதத்தில் துன்பம் தந்தது. ஒரே கனமுள்ள ஐந்து பட்டைகளுடன் ஆறாவதைச் சேர்த்தால், ஸ்பிரிங்கின் விறைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். முழுப் பாரத்தோடு செல்லும் லாரிக்கு அது நன்று. போகும்போது பாரமும் வரும்போது வெறுமையுமாக ஓடும் நம் வண்டிக்கு அது தீங்கு. வெறும் வண்டி குழிகளில் துள்ளும். துள்ளும் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். தரையைத் தொடாத சக்கரத்துக்குப் பிரேக் இல்லை. தக்காளிப் பெட்டிகளின் அடி வரிசை கூழானதும் அப்போதுதான். வண்டி உயர உயர அதன் பாரம் திரளும் மையமும் உயர்வதால், வளைவுகளில் அது ஒரு பக்கம் சாயலாயிற்று. இறுதியில் இரண்டையும் கழற்றினோம். போட்டதும் கழற்றியதுமான கூலி இரண்டு புது டயருக்கு ஈடாக இருந்தது என்பதை வெட்கத்துடன் பதிவு செய்கிறோம்.

சட்டத்தையும் இங்கேயே குறித்துவிடலாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றினின்று மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. விபத்து நேரிட்டால் இழப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவது இத்தகைய மாற்றங்களையே.

அப்படியானால் டயரைப் பெரிதாக்கலாமா? கணக்கிட்டுப் பார்ப்போம். பொலீரோவில் காணும் 215/75 ஆர் 15 என்ற அளவில், 215 என்பது டயரின் அகலம் மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். கூட்டினால் டயரின் முழு உயரம் சுமார் 703 மில்லிமீட்டர். இதற்குப் பதில் 235/75 பூட்டினால் சுமார் 733. முப்பது மில்லிமீட்டர் கூடுகிறது. அச்சுக்குக் கிடைப்பதோ அதில் பாதி, அஃதாவது ஒன்றரை சென்டிமீட்டர். இதற்கு நாம் கொடுக்கும் விலை டயரின் விலை மட்டுமன்று. ஸ்பீடாமீட்டர் 60 என்று காட்டும்போது வண்டி 62-க்கு மேல் ஓடும். கியரின் இழுவை நூற்றுக்கு நாலு பங்கு குறையும்; பிரேக்கின் பிடியும் அவ்வாறே. முழுவதும் திருப்பும்போது மட்கார்டில் உரசவும் கூடும். ஒன்றரை சென்டிமீட்டருக்கு இத்தனையும் வேண்டுமா என்று உறுப்பினர்களே தீர்மானிக்கலாம். நம் கருத்து வேண்டாம் என்பது. உற்பத்தியாளர் குறித்த அளவிலேயே, பட்டன் வகையை மாற்றுவது போதும்.

பட்டனில் மூன்று வகை கடையில் கிடைக்கும். தார்ச் சாலைக்கான எச்.டி., இரண்டுக்கும் பொதுவான ஏ.டி., சேற்றுக்கென்றே ஆழமான பட்டனுடைய எம்.டி. என்பன அவை. எம்.டி. டயர் சாலையில் இரைச்சலிடும். நம் சித்திரை வெயிலில் தாரில் விரைந்து தேயும். மழையில் நனைந்த சாலையில் நிற்பதற்கு அதிக தூரம் கேட்கும். கரிசல் சேறோ எந்தப் பட்டனையும் நொடியில் அடைத்து உருண்டையாக்கிவிடும். மழைக்கு மறுநாள் கரிசலில் வண்டியை இறக்காதிருப்பதே அதற்கு மருந்து. இது நம் பாட்டனார் வண்டி கட்டிய நாளிலிருந்து தெரிந்த செய்திதான். செம்மண்ணுக்கும் கண்மாய்க் கரைக்கும் ஏ.டி. வகை தாராளமாகப் போதும்.

வாங்கும்போது இரண்டு குறிகளைப் பார்த்து வாங்குக. பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். வெயில் படும் கடையில் நெடுநாள் கிடந்த ரப்பர் மலிவாகக் கிடைத்தாலும் மலிவன்று. அடுத்தது பாரக் குறி: 100 என்றிருந்தால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். பழைய டயரில் இருந்த எண்ணுக்குக் குறைந்ததை வாங்கலாகாது. ரீபட்டன் டயரைப் பற்றியும் கேட்கிறார்கள். மதுரையில் அத்தொழில் பழமையும் நேர்த்தியும் உடையது. பெரிய பேருந்துகளும் லாரிகளும் அதில் ஓடுகின்றன. எனினும் கல்லும் முள்ளும் பக்கச் சுவரைத் தாக்கும் பாதையில் ஓடிய பழைய டயரின் உள்ளுடல் எப்படியிருக்கிறது என்று வெளியிலிருந்து அறிவது கடினம். முன் சக்கரத்துக்கு ஒருபோதும் வேண்டாம் என்பது நம் துணிபு.

இப்போது காற்றுக்கு வருவோம். செலவே இல்லாத, ஆனால் எல்லோரும் அலட்சியம் செய்யும் திருத்தம் இதுதான். ஒரு சக்கரத்தின்மேல் 400 கிலோ, அஃதாவது சுமார் 880 பவுண்டு பாரம் இருப்பதாகக் கொள்வோம். காற்று சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு என்றால், டயர் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ 25 சதுர அங்குலம். காற்றை 20-க்கு இறக்கினால் அது 44 சதுர அங்குலமாகிறது. டயர் வண்டி கட்டை வண்டியை வென்ற இரகசியம் இதுவே. தளர்ந்த மணலிலோ சேற்றிலோ சிக்கிய வண்டி, காற்றைச் சிறிது இறக்கிய மாத்திரத்தில் தானே ஏறி வருவதைப் பலமுறை கண்டோம்.

ஆனால் இதில் உயிர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். மடங்க மடங்கச் சூடேறும். அதே நிலையில் திருமங்கலம் நாற்கரச் சாலையில் பாரத்தோடு விரைந்தால், வைகாசி வெயிலும் சேர்ந்து டயர் வெடிக்க ஏதுவாகும். வண்டிக்குள் இருப்பது பூக்கூடை மட்டுமன்று. விடியலில் சந்தைக்கு வரும் நம் பெண் உறுப்பினர்களும் அதில் அமர்ந்திருப்பர். ஆகவே காற்றை இறக்கியவர், தார்ச் சாலையில் ஏறுமுன் மீண்டும் நிரப்பியே தீரவேண்டும். வழியில் காற்றுக் கடை இராது. வண்டியின் மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றடிக்கும் கருவியும் அளவு பார்க்கும் மானியும் இல்லாதவர் காற்றை இறக்கவே கூடாது. அளவு பார்ப்பது காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது. ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும்.

முள்ளைப் பற்றி ஒரு சொல். சீமைக் கருவேலம் மண்டிய கண்மாய்க் கரைகளில் பஞ்சர் தவிர்க்க முடியாதது. டியூப் இல்லாத டயரில் முள் குத்தினால் உடனே பிடுங்கிவிடாதீர்கள். அதுவே ஓட்டையை ஓரளவு அடைத்து நிற்கும். காற்று மிக இறங்காமலிருந்தால் பஞ்சர்க் கடைவரை மெல்லச் செல்லலாம். பட்டன் பகுதியில் குத்தினால் அடைக்கலாம். பக்கச் சுவர் கிழிந்தால் அந்த டயர் முடிந்தது.

ஸ்பிரிங் பக்கம் செய்யவேண்டியவை அனைத்தும் பெரும்பாலும் தேய்ந்ததை மாற்றுவதே, புதிதாகச் சேர்ப்பதன்று. வண்டி தளர்ந்துவிட்டது என்று பலர் கூறுவது, பட்டையின் கண்ணிலுள்ள ரப்பர் புஷ் தேய்ந்ததனாலேயே. சில நூறு ரூபாய்ப் பொருள் அது. அடுத்து ஷாக் அப்சார்பர். வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் நலம், ஊஞ்சலாடினால் அது ஓய்ந்தது. எண்ணெய் கசிந்திருந்தாலும் அவ்வாறே. ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்தே மாற்றுக. பட்டை தாழ்ந்திருந்தால் சுத்தியலால் அடித்து வளைவு ஏற்றித் தருவார்கள். முறையாகக் காய்ச்சிப் பதமிடாவிட்டால் சில மாதங்களில் மீண்டும் தாழும். யூ போல்ட்டுகளை வேலை முடிந்த ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஒருமுறை இறுக்கிப் பார்க்க மறவாதீர்கள்.

பணத்தை எவ்வாறு ஒதுக்குவது? கணக்கு எளிதாயிருக்கும் பொருட்டு, நான்கு டயர்களின் விலை 28,000 ரூபாய் என்றும், நன்கு பேணினால் 40,000 கிலோமீட்டர் ஓடும் என்றும் கொள்வோம். கிலோமீட்டருக்கு 70 காசு. காற்றும் அலைன்மென்டும் பாராமல் 25,000-த்தில் தேய்த்துவிட்டால் 1 ரூபாய் 12 காசு. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு மாதந்தோறும் 1,050 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு வந்தால், டயர் தேயும் நாளில் கடன் கேட்டு நிற்கவேண்டியதில்லை. மதுரையைத் தலைமையாகக் கொண்டு டி.வி.எஸ். நிறுவனம் பேருந்து ஓட்டிய காலத்தில், அவ்வண்டி வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று நம் ஊரார் பேசுவர். பழுதான பின் பார்ப்பதை விட்டுப் பழுதாகுமுன் மாற்றாமல் அந்தப் பெயர் கிடைத்திராது.

நம் நிர்வாகக் குழு செய்துள்ள ஏற்பாடு இது: இம்மாதம் காற்று மானியும் காற்றடிக்கும் கருவியும் பஞ்சர்ச் சாமானும், அடுத்த மாதம் புஷ்களும் பின் ஷாக் அப்சார்பர் இரண்டும், ஏ.டி. டயர்கள் ஐப்பசி மழைக்குப் பதினைந்து நாள் முன்னதாக, அலைன்மென்டுடன் சேர்த்து. பழைய டயர்களில் பட்டன் மிகுந்த ஒன்று ஸ்டெப்னியாக இருக்கும். அதற்கும் வாரம் ஒருமுறை காற்றுப் பார்க்கும்படி ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறோம். சென்ற கார்த்திகையில் நடுக்காட்டில் இறக்கிப் பார்த்தபோது அதில் காற்றே இல்லை.